பதினோராவது நிபந்தனை

அந்தப் பெண் நாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அளவு டேப்பின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மறுமுனை நாயின் வாயில்.

"விடுறா… பல்லு பட்டுடும்டா… இது கவர்மெண்ட் டேப்புடா…"

நகராட்சிப் பூங்காவின் வாசலில் சைக்கிளை நிறுத்திய மாறன் அப்படியே நின்றுவிட்டான். வாட்ச்மேன் சுப்பன் அலுவலகத்துக்கு ஓடி வந்து புகார் சொன்னது இதைத்தான். 'சார்… யாரோ ஒரு பொம்பள பார்க்குக்குள்ள நாயை இட்டுனு வந்து அளந்துனு கீறாங்க சார்!'

மாறனுக்கு இருபத்தொன்பது வயது. திருவண்ணாமலை நகராட்சியில் இளநிலை உதவியாளர். பூங்காவோ, திடலோ, தெரு முனையோ… ஊருக்குள் எங்கே பந்தல் போட்டு மைக் கட்டுவதானாலும் மனு முதலில் அவன் மேஜைக்குத்தான் வர வேண்டும்.

ஜூன் மாதக் கடைசி. மலையின் தலையை மேகம் மூடியிருந்தது. தூறல் ஆரம்பித்துவிட்டது.

"ஹலோ… மேடம்!"

அவள் திரும்பினாள்.

பெரிய கண்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே பார்வையில் எதிரே இருப்பவரின் நாடியைப் பிடித்துவிடும் கண்கள். இமைகளில் தூறல் ஒட்டியிருந்தது. மாறன் சொல்ல வந்ததில் பாதியை மறந்தான்.

மீதிப் பாதியை நாய் மறக்கடித்தது. டேப்பைத் துப்பிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்தது.

அடுத்த விநாடி மாறன் சிமெண்ட் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தான். எப்போது ஏறினான், எப்படி ஏறினான்… அவனுக்கே தெரியவில்லை.

"ஒண்ணும் பண்ணாதுங்க. எறங்குங்க."

"மொதல்ல உங்க நாயைப் பிடிங்க!"

"எங்க நாயா? நான் வர்றப்பவே இது இங்கதான் படுத்திருந்துச்சு. உங்க பார்க் நாய்."

"பார்க்குல நாய்க்கு அனுமதி இல்லைங்க. வாசல்ல போர்டு இருக்குதே, பார்க்கலையா?"

"நான் பார்த்தேன். அதுக்குப் படிக்கத் தெரியலை போல."

சுப்பன் அந்தப் பக்கம் திரும்பி இருமினான். சிரிப்பை அப்படித்தான் மறைப்பான்.

"எதுக்கு அளக்கறீங்க?" பெஞ்சின் மேலிருந்து கேட்கும்போது குரலில் அதிகாரம் வர மறுத்தது.

"ஒரு முகாம் நடத்தணும். நாளைக்கு நகராட்சியில மனு கொடுக்கப் போறேன். அங்க யாரோ மாறனாம்… அவர்கிட்ட அனுமதி வாங்கறது குதிரைக் கொம்பாம். மனுவுல ஒரு புள்ளி கம்மியா இருந்தாக்கூடத் திருப்பி அனுப்பிடுவாராம். உங்களுக்குத் தெரியுமா அந்த ஆளை?"

"தெரியும்."

"ஆளு எப்படி?"

"நாய்னா கொஞ்சம் பயப்படுவாரு."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. அந்தக் கண்கள் விரிந்தன… உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வெடித்துவிட்டது.

மழை வலுத்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்ற டி.வி.எஸ். ஃபிப்டியை நோக்கி ஓடினாள்.

மாறன் ஓடவில்லை. நாய் மழைக்கு ஒதுங்கிய இடம் அவன் நின்ற பெஞ்சின் அடி. சுப்பன் குச்சியோடு வந்து அதை விரட்டும்வரை முழுசாகப் பத்து நிமிடம் நனைந்தான்.

விசித்திரம்… அந்தப் பத்து நிமிடமும் அவன் நாயைப் பற்றி நினைக்கவே இல்லை.

*

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்தாள். அரக்கு நிறப் பருத்திப் புடவை, ஒற்றைப் பின்னல். எதிரே உட்கார்ந்து, மனுவை மேஜையில் வைத்து, விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"எழிலரசி. கால்நடை உதவி மருத்துவர். புள்ளி எல்லாம் சரியா இருக்குதான்னு பார்த்துக்கங்க."

மாறன் படித்தான். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி முகாம். இடம், நகராட்சிப் பூங்கா. நாள், ஜூலை ஆறு. வருவோர் எண்ணிக்கை, நூற்றைம்பது நாய்கள் மற்றும் உரிமையாளர்கள்.

நூற்றைம்பது!

தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான்.

"முடியாதுங்க."

"காரணம்?"

"மூணு இருக்குது. ஒண்ணு, அந்த போர்டு. நகர்மன்றத் தீர்மானம் அது. ரெண்டாவது, ஜூலை அஞ்சு பௌர்ணமி. பௌர்ணமிக்கும் மறுநாளுக்கும் பார்க்கை யாருக்குமே கொடுக்கறதில்ல. கிரிவலம் சுத்தின ஜனம் பஸ் கிடைக்காம காலையில அங்கதான் படுத்திருக்கும். இந்த ஊரு உங்களுக்குப் புதுசா?"

"போளூர்க்காரிங்க நான். பௌர்ணமி தெரியாமலா இருப்பேன்? தேதி நான் வெச்சதில்ல. மாநிலம் பூரா அன்னிக்குத்தான் முகாம். மருந்து ஐஸ் பெட்டியில அன்னிக்குத்தான் வந்து எறங்கும்."

"உங்க மருந்தகத்துலயே நடத்தலாமே?"

"போன வருஷம் நடத்தினோம். ஊருக்கு வெளியில கிடக்குது. பதினேழு நாய் வந்துச்சு. ஊருல இருக்கறது ஆயிரத்துக்கு மேல. பார்க்குதான் நடு ஊரு. நடந்தே இட்டுக்கிட்டு வருவாங்க… மூணாவது காரணம்?"

"போலீஸ். அன்னிக்கு அவங்க கூட்டத்துக்கே ஒத்துக்க மாட்டாங்க."

"நாலாவது?"

"நாலாவது ஒண்ணும் இல்லையே."

"இருக்குது. உங்களுக்கு நாய்னா பயம்."

பக்கத்து மேஜையில் தட்டச்சு இயந்திரம் நின்றது. எதிர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாறனின் காது மடல் சூடானது.

"மனுவை எடுத்துக்கிட்டுப் போங்க, மேடம்." குரல் இறுகியிருந்தது.

அவள் எழுந்தாள். எடுத்துக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

"போன வருஷம் நாய் கடிச்சு இந்த ஊரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க அறுநூத்துப் பதினாலு பேரு. மார்கழியில வந்த ஒரு பொண்ணு திரும்பிப் போகல. ஏழு வயசு. அவ வீட்டுக்குப் பத்து வீடு தள்ளித்தான் நான் குடியிருக்கேன்… வர்றேன் சார்."

போய்விட்டாள்.

மாறன் அடுத்த மனுவை எடுத்தான். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. ஏழு வயசு…

அவனையும் நாய் கடித்தது ஏழு வயதில்தான். அடி அண்ணாமலை கிராமத்தில், சொந்த நிலத்து வரப்பில். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அப்பா தினமும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து போட வைத்தார். அவன் பிழைத்தான். அதனால்தான் இந்த மேஜையில் உட்கார்ந்து 'முடியாதுங்க' என்று சொல்ல முடிகிறது.

மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஆவண அறைக்குப் போனான்.

அவன் மேல் ஊருக்கு ஆயிரம் புகார் உண்டு. ஆனால் ஒன்றை யாரும் மறுக்க மாட்டார்கள். பழைய பதிவேட்டைப் படிக்கும் பொறுமை அந்த அலுவலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான். முதல் நாள் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், தும்மலுக்கு நடுவே, ஒரு சொத்துப் பதிவேட்டின் நாற்பதாம் பக்கத்தில் அது கிடைத்தது.

*

கால்நடை மருந்தகத்துக்குள் நுழைந்த மாறன் வாசலிலேயே நின்றான்.

எழிலரசியின் இடது கை தோள்பட்டை வரை ஒரு பசுமாட்டுக்குள் இருந்தது.

"வாங்க சார்," என்றாள் திரும்பாமலே. "சைக்கிள் சத்தத்துலயே தெரிஞ்சுது. என்ன விஷயம்?"

"ஒரு கையெழுத்து வேணும்."

"கை இப்ப மாட்டுக்குள்ள இருக்குது. கொஞ்சம் பொறுங்க." கண்ணை மூடி எதையோ தடவிப் பார்த்தாள். "செனைதான்யா… மூணு மாசம்!" மாட்டுக்காரர் கும்பிட்டார். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை மாறன் பார்த்தான். தன் அலுவலகத்தில் வேலை முடிந்து யாருக்கும் அப்படி ஒரு முகம் வந்து அவன் பார்த்ததில்லை.

உறையைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மாறன் கோப்பைப் பிரித்தான்.

"பார்க்கோட வடகிழக்கு மூலை… முப்பது சென்ட். அது பார்க்கே இல்லைங்க. தெருவுல திரியற மாட்டைப் பிடிச்சு அடைக்கிற பட்டி. பிற்பாடு பார்க்குக்குச் சுவர் எழுப்பினவங்க அதையும் உள்ள சேர்த்து வளைச்சுட்டாங்க. பதிவேட்டுல யாரும் மாத்தல. இன்னிக்குத் தேதிக்கும் அது கால்நடைப் பட்டிதான்."

"அப்ப…?"

"அந்த போர்டு பட்டிக்குச் செல்லாது. பௌர்ணமித் தடையும் செல்லாது. பட்டிக்குள்ள நாய் வரலாம். டாக்டரும் வரலாம்."

எழிலரசி அவனையே பார்த்தாள். நாடி பிடிக்கும் அந்தப் பார்வை… ஆனால் இந்தத் தடவை அதில் கொஞ்சம் தடுமாற்றம்.

"அன்னிக்கு உங்களை எல்லார் எதிர்லயும் பயந்தாங்கொள்ளின்னுட்டேன். தப்புங்க."

"பயம்னு சொன்னது நெசந்தான். அதனாலதான் மறுத்தேன்னு சொன்னீங்களே, அதுதான் தப்பு."

"ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"அதுக்குத்தாங்க சம்பளம் கொடுக்கறாங்க."

பட்டிக்கென்று அவன் எழுதி வந்த புது மனுவில் அவள் கையெழுத்துப் போட, கோப்பு நகர்ந்தது. போலீஸ் பத்து நிபந்தனைகள் போட்டது. காலை ஏழு முதல் பதினொன்றுக்குள். ஒலிபெருக்கி கூடாது. இருநூறு பேருக்கு மேல் கூட்டம் கூடாது. இப்படிப் பத்து. பதினொன்றாவதை நகராட்சி ஆணையர் சொல்லச் சொல்ல மாறனே தட்டச்சு செய்தான்.

அனுமதிக் கடிதத்தை வாங்கிய எழிலரசி கடைசி வரியைச் சத்தமாகப் படித்தாள். "முகாமில் விரும்பத்தகாத சம்பவம் ஏதும் நிகழ்ந்ததாகப் பதிவானால், இனி வரும் ஆண்டுகளில் பூங்கா வளாகம் இம்முகாமுக்கு வழங்கப்படமாட்டாது… அதாவது, ஒரு கடிகூட ஆகக் கூடாது?"

"கூடாது."

"நூத்தம்பது நாய்ங்க."

"ஆமா."

"தொடர்ந்து மூணு வருஷம் நடத்தினாத்தாங்க இந்த ஊருல நோய் கம்மியாகும். ஒரு வருஷத்தோட நின்னா இத்தனையும் வீண்." கடிதத்தை மடித்தாள். "சரி. பார்த்துக்கறேன்."

"அன்னிக்கு நானும் வர்றேன்."

"நீங்களா…?"

"தூரமா நிப்பேன்."

அவள் சிரித்தாள். இந்தத் தடவை உதட்டைக் கடிக்கவில்லை.

*

ஜூலை ஆறு. காலை எட்டு மணி.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பட்டிக்குள் மூன்று மேஜை. ஐஸ் பெட்டி. சங்கிலியிலும் கயிற்றிலும் பழைய வேட்டிக் கிழிசலிலும் கட்டிய நாய்கள். எழிலரசி குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்தாள். மாறன் சுவரோரம் ஒரு கல்லின் மேல் நின்று வரிசையை எண்ணிக்கொண்டிருந்தான்.

எண்பத்திரண்டு… எண்பத்துமூன்று…

என்ன இது? இந்த அம்மாவிடம் நாய் இல்லையே?

அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றவரிடமும் நாய் இல்லை. அவர் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது.

மாறன் கல்லிலிருந்து குதித்தான்.

இந்த ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் நாலு பேர் வரிசையாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்னால் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வரிசையா… நில். தட்டை எடு. பூங்காவில் தூங்கி எழுந்த ஜனம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, வரிசையின் வால் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. முந்நூறு பேருக்குக் குறையாது.

"இது சாப்பாட்டு வரிசை இல்லைங்க! நாய்க்கு ஊசி போடற வரிசை!"

முன்னால் நின்ற வெள்ளையம்மாள் என்ற மூதாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாப்பா… கூட்டத்தைக் கலைச்சு வுட்டு நீ முன்னாடி பூந்துக்கலாம்னு பாக்கறியா? ராவெல்லாம் பதினாலு கிலோமீட்டரு நடந்துட்டு வந்துகீறோம்."

"சத்தியமா நாய் ஊசிதாம்மா!"

"அப்ப நாய்ங்களுக்கு மொதல்ல போடட்டும். எங்களுக்கு அப்புறம் போடு. அவசரமில்ல."

எதைப் போடுவார்கள் என்று அவள் நினைத்தாளோ!

டவுன் ஸ்டேஷன் எஸ்.ஐ. முருகையன் ஜீப்பில் வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார். கையில் இருந்த அனுமதிக் கடிதத்தின் நகலைப் பார்த்தார்.

"மாறன்… இருநூறுன்னு போட்டிருக்குதே?"

"சார்… பத்து நிமிஷம் கொடுங்க."

"பத்துதான். பதினோராவது நிமிஷம் நானே மூடிடுவேன்."

எழிலரசி ஊசியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் மட்டும்… 'என்ன பண்ணப் போறோம்?' என்று கேட்டன. போறோம். அந்தப் பன்மையை அவனே சேர்த்துக்கொண்டான்.

சைக்கிளை எடுத்தான்.

அன்று யாருக்கு எங்கே அனுமதி என்பது இந்த ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் மனப்பாடம். ஆரணி அன்னதானக் குழு. தேரடித் தெரு. ஒன்பது மணிக்கு வெண்பொங்கல். வேன் இந்நேரம் வந்து நின்றிருக்கும்…

நின்றிருந்தது. ஒன்பதாவது நிமிடம் அந்த வேன் பூங்காவின் தெற்கு வாசலில் வந்து நின்றது. அண்டாவின் மூடி திறந்தது. நெய்யும் மிளகுமாக ஒரு மணம் காற்றில் ஏற, முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

திரும்பியதோடு நிற்கவில்லை. ஓடினார்கள்.

தட்டுகள் மோதின. அந்தச் சத்தத்தில் டீக்கடை அப்பாசாமியின் செவலை நாய் மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு பட்டியைத் தாண்டிப் பாய்ந்தது. எதிரே குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள்…

ஒரு கடிகூட ஆகக் கூடாது.

மாறன் யோசிக்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு நாயின் மேல் விழுந்தான். கழுத்தைக் கட்டிப் பிடித்தான். அப்பாசாமி மூச்சிரைக்க ஓடி வந்து கயிற்றைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி… ஒரே நொடி… வலது கையில் நெருப்புப் பட்டதுபோல் இருந்தது.

கர்ச்சீப்பைச் சுற்றினான். கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குக் கணக்கு எடுத்தார்கள். நூற்று நாற்பத்தெட்டு நாய்கள். எஸ்.ஐ. முருகையன் 'சம்பவம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எழிலரசி ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. நெற்றியில் ஒட்டிய முடி. கண்களில் அப்படி ஒரு ஒளி…

"ஒரு கடிகூட இல்லைங்க!"

"ஆமா… ஒண்ணுகூட இல்ல."

"உங்களாலதான்!" என்று கையை நீட்டினாள்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மாறன் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்குது… நான் கிளம்பறேன்." சைக்கிளை இடது கையால் தள்ளிக்கொண்டு போயே விட்டான்.

எழிலரசி மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டாள். முகத்தில் அறைந்ததுபோல ஒரு வலி. 'மாட்டுக்குள்ள விடற கைன்னுதானே…? அவ்வளவுதானா நீங்க?'

*

மறுநாள் பகல் ஒரு மணிக்குப் பட்டியின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உட்காரவில்லை. சாவியை மேஜையில் வைத்தாள். சத்தம் வர வைத்தாள்.

"பெற்றுக்கொண்டேன்னு போட்டுக் கொடுங்க. நான் போகணும்."

மாறன் தலை குனிந்து எழுதினான். காகிதத்தை வாங்கிய எழிலரசி கையெழுத்தைப் பார்த்தாள். எறும்பு மையில் விழுந்து எழுந்து போன மாதிரி இருந்தது. அனுமதிக் கடிதத்தில் இருந்த அச்சுப் போன்ற கையெழுத்து இல்லை இது.

"எந்தக் கையால போட்டீங்க?"

"ஏன்…?"

"வலது கையைக் காட்டுங்க."

"சைக்கிள்ல விழுந்துட்டேன்…"

"காட்டுங்கன்றேன்."

"மேடம், இது ஆபீஸ்…"

காளை மாட்டையே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறவள். மேஜைக்கடியிலிருந்து அவன் மணிக்கட்டை இழுத்து வெளியே எடுத்தாள். கர்ச்சீப்பைப் பிரித்தாள். கட்டை விரலுக்குக் கீழே, வீங்கிய சதையில், ஆழமாய் இரண்டு பல் தடம்.

அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"எந்த நாய்?"

"…அப்பாசாமி நாய்."

"நேத்துக் காலையில. இருபத்தெட்டு மணி நேரம்… இருபத்தெட்டு மணி நேரமா ஊசி போடாம உட்கார்ந்திருக்கீங்க! உங்களுக்குத் தெரியாதா? மார்கழியில அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாதா?"

தட்டச்சு மறுபடி நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. அவனைக் கொல்லைப்புறக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோப்பு போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் அந்தக் கையைக் கழுவினாள். அழுதுகொண்டே கழுவினாள். அவன் எரிச்சலில் பல்லைக் கடித்தபோது மட்டும் கொஞ்சம் மெதுவாக.

"நேத்து கை கொடுக்காம போனது இதுக்குத்தானா?"

"ம்."

"நான் ராத்திரி பூரா வேற என்னென்னமோ நெனச்சுத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"திட்டிக்கங்க. பரவாயில்ல."

"பேசாதீங்க!"

*

மருந்தை வெளியே வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டி.வி.எஸ். ஃபிப்டியில் அவள் ஓட்ட, அவன் பின்னால். நாய்க்கடிப் பிரிவில் நர்ஸ் ஜோதியம்மாள் பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"பேரு சொன்னே… வயசு சொன்னே… எங்க கடிச்சுது?"

"தேரடித் தெரு," என்றான் மாறன்.

"பொய்யிங்க. நகராட்சிப் பூங்கா. தடுப்பூசி முகாம்ல," என்றாள் எழிலரசி.

ஜோதியம்மாள் பேனாவைத் தூக்கினாள். "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

மாறன் எழிலரசி பக்கம் திரும்பினான். குரலைத் தாழ்த்தினான். "இங்க பதிவானா போலீசுக்குப் போகும். போலீசுல இருந்து எங்க ஆபீஸ். அவ்வளவுதான்… அடுத்த வருஷம் பார்க் கிடையாது. மறுபடி பதினேழு நாய். யோசிங்க மேடம். எங்க கடிச்சா என்ன? ஊசி அதே ஊசிதானே?"

எழிலரசி யோசிக்கவில்லை என்றால் பொய். மார்கழியில் போன அந்தப் பெண்ணின் முகம் வந்தது. பட்டிக்குள் நின்ற நூற்று நாற்பத்தெட்டு நாய்கள் வந்தன. இதையெல்லாம் விட்டுக் கொடுக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கடியை மறைச்சு நடத்தினா அது என்னங்க முகாம்? நாளைக்கு ஒரு கொழந்தையைக் கடிச்சாலும் இப்படித்தானே மறைப்பாங்க, அனுமதி போயிடும்னு?" மூச்சை இழுத்துவிட்டாள். "பார்க் போனா நான் வேற வழி தேடிக்குவேன். வீடு வீடாப் போய்க்கூடப் போடுவேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க போய் வழி தேடுவேன்? எழுதுங்கம்மா. நகராட்சிப் பூங்கா."

ஜோதியம்மாள் எழுத ஆரம்பித்தாள்.

"நான் முகாமுக்காக மறைக்கல," என்றான் மாறன்.

பேனா நின்றது.

"பின்ன?"

அவன் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவளைப் பார்த்தால் வார்த்தை வராது. "முகாம் இருந்தாத்தான்… வருஷத்துல ஒரு நாளாவது மனுவை எடுத்துக்கிட்டு என் மேஜைக்கு வருவீங்க. எதிர்ல உட்கார்ந்து சண்டை போடுவீங்க. பதினோராவது நிபந்தனையை நானே அடிச்சேன். கடிச்ச உடனே அந்த வரிதான் ஞாபகம் வந்துச்சு. இனிமே நீங்க வர மாட்டீங்களேன்னு… அதான் மறைச்சேன்."

வராந்தாவில் ஏதோ ஸ்ட்ரெச்சர் உருண்டு போகும் சத்தம். ஜோதியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

எழிலரசி கேட்டாள். "வருஷத்துக்கு ஒரு நாளா?"

"ம்."

"அவ்வளவு கம்மியாவா ஆசைப்படுவீங்க?"

மாறன் நிமிர்ந்து பார்த்தான். அழுது சிவந்த அந்தக் கண்கள் இந்தத் தடவை நாடி பிடிக்கவில்லை. தன் நாடியை நீட்டிக்கொண்டு நின்றன.

"ரெண்டு பேரும் மிச்சத்தை வெளிய போய்ப் பேசிக்குங்க," என்றாள் ஜோதியம்மாள். "தம்பி, சட்டைக் கையை மடி. இன்னிக்கு ஒண்ணு. அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், பதினாலு, இருபத்தெட்டு. ஒண்ணுகூடத் தவறக் கூடாது."

"நான் இட்டுக்கிட்டு வர்றேன். அந்த நாய்க்கு நோய் ஏதும் வருதான்னும் பத்து நாள் நானே பார்த்துக்கறேன்," என்றாள் எழிலரசி.

பதிவேட்டில் 'நகராட்சிப் பூங்கா' என்ற இரண்டு சொற்களும் நீல மையில் காய்ந்திருந்தன. ஒரு வாரத்தில் போலீசிலிருந்து கடிதம் வரும். அதற்குப் பதில் எழுத வேண்டியவனும் மாறன்தான். இருவருக்கும் தெரியும். இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எழிலரசி வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"ஏறுங்க."

ஏறினான். கட்டுப் போட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"இருபத்தெட்டாம் நாளுக்கு அப்புறம்…?" என்றான்.

"அப்புறம் நீங்களே வண்டி ஓட்டக் கத்துக்கங்க. வாழ்க்கை பூரா நானே உங்களைப் பின்னாடி வெச்சு ஓட்டிக்கிட்டிருக்க முடியாது."

மாறன் மழையைத் துடைத்துக்கொண்டான்.

"வாழ்க்கை பூராவா?"

அவள் கழுத்தோரம் மட்டும் சிவந்தது. பின்னால் கையை நீட்டி, கட்டில்லாத அவன் இடது கையைத் தேடிப் பிடித்து, தன் தோளின் மேல் கொண்டுவந்து வைத்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க… ரோடு வழுக்குது."